கரையில் நின்றவர்கள் – 7: ஐப்பசிக்கு முன் கிளம்ப வேண்டிய கப்பல்

1716-ஆம் ஆண்டு. புதுச்சேரிக் கடைத்தெருவில் ஒருவரை நிறுத்தி ஐம்பது சவுக்கடி கொடுத்தார்கள். அடி வாங்கியவர் திருடரும் அல்ல, கொலைகாரரும் அல்ல. அந்த ஆண்டு பிப்ரவரி வரை ஊரிலிருந்த தமிழர்களில் அவருக்கு மேல் ஆளே கிடையாது. பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கும்பெனியின் தலைமைத் தரகர் அவர். பெயர் நைனியப்ப பிள்ளை. சவுக்கடிக்குப் பிறகு மூன்று வருடச் சிறை, பெரும் அபராதம், அதற்கும் பிறகு நாடு கடத்தல் என்று தீர்ப்பு எழுதப்பட்டிருந்தது. நாடு கடத்த வேண்டிய அவசியம் ஏற்படவில்லை. 1717-இல் சிறையிலேயே இறந்துபோனார்.

இந்தக் கதையில் வியப்பான பகுதி தண்டனை அல்ல. அவருக்காக வாதாடியவர்கள் யார் என்பதுதான். பிரான்ஸின் வடமேற்குக் கரையில் சென்-மாலோ என்றொரு துறைமுக ஊர். அந்த ஊர்க் கப்பல் முதலாளிகள், கடனில் தத்தளித்த கும்பெனியிடமிருந்து கிழக்கிந்திய வணிக உரிமையைப் பெற்றுத் தங்கள் கப்பல்களைப் புதுச்சேரிக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். புதுச்சேரி நிர்வாகம் ராஜதுரோகி என்று முத்திரை குத்திய ஒரு தமிழருக்காக அவர்கள் அரசருக்கு முறையீடு செய்தார்கள். நீதியுணர்ச்சி கொஞ்சம் இருந்திருக்கலாம். சரக்கு வரவில்லை என்ற கவலை அதைவிட அதிகமாக இருந்தது.

ஒரு தரகர் இல்லாவிட்டால் கப்பலுக்கு ஏன் சரக்கு வராது? இது விளங்க, சோழமண்டலக் கரையின் நாட்காட்டியைக் கொஞ்சம் புரட்ட வேண்டும்.

இந்தக் கரைக்கு ஐப்பசி ஆகாத மாதம். அக்டோபர் நடுவில் வடகிழக்குப் பருவக்காற்று திரும்பிவிட்டால் திறந்த கடலில் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பலுக்கு உயிர் உத்தரவாதம் இல்லை. மெட்ராஸுக்கும் புதுச்சேரிக்கும் அப்போது துறைமுகம் கிடையாது. கரையிலிருந்து தள்ளி, அலை உடையும் இடத்துக்கு அப்பால், வெறும் கடலில்தான் கப்பல்கள் நிற்கும். ஆணியில்லாமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளே சரக்கை ஏற்றி இறக்கின. 1746 செப்டம்பரில் மெட்ராஸைப் பிடித்த பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே, ஊரைத் திருப்பிக் கொடுத்துப் பணயத்தொகை வாங்குவதா, வைத்துக்கொள்வதா என்று புதுச்சேரி ஆளுநர் துய்ப்ளெக்ஸோடு சண்டை போட்டுக்கொண்டே அக்டோபர் நடுப்பகுதி வரை கிளம்பாமல் இருந்தார். 13-ஆம் தேதி இரவு அடித்த புயலில் அவருடைய கப்பல்கள் சிதறின. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கடலோடு போனார்கள். வெள்ளைக்கார மாலுமிகள் இந்தக் கணக்கை அறியாதவர்கள் அல்ல. அறிந்தும் தாமதித்ததற்கு விலை அது.

ஆக, ஐரோப்பாவிலிருந்து வெள்ளியைச் சுமந்து வருடத்தின் நடுவில் வந்து சேரும் கப்பல், சில மாதங்களுக்குள் துணியை நிரப்பிக்கொண்டு ஓடிவிட வேண்டும். தவறினால் ஒரு பருவம் போச்சு. மாலுமிகளுக்குச் சம்பளமும் சோறும் போட்டுக்கொண்டு அடுத்த வருடம் வரை உட்கார வேண்டும்.

தறியோ கப்பலுக்காக அவசரப்படாது. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்திலோ சேலத்துப் பக்கமோ உள்ள நெசவாளிக்கு முன்பணம் போக வேண்டும். அவர் நூல் வாங்கி, பாவோடி, கஞ்சி போட்டு, நெய்ய வேண்டும். நெய்த துணியை வெளுக்க வேண்டும். வெளுத்ததைக் காயவைக்க வெயில் வேண்டும். சாயம் தோய்ப்பதானால் அது வேறு காலக்கணக்கு. முன்பணம் வாங்கிய நெசவாளி, வேறு ஆள் அதிக விலை கொடுத்தால், வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொள்ளலாம். அது அந்தக் காலத்து வழக்கம். கொடுத்தவர் அப்படி விலக முடியாது. பஞ்சம் வந்தால் அரிசி விலையோடு நூல் விலையும் ஏறும், துணியின் நெருக்கம் குறையும். கோட்டைக் கிடங்கில் மாதிரித் துணியோடு ஒப்பிட்டுத் தரம் பிரிக்கும்போது பாதி கழிந்துவிடும். அந்த நஷ்டம் யார் தலையில்?

தரகர் தலையில். அவருடைய தொழிலின் உள்ளீடே அதுதான். இரண்டு மொழி தெரிந்தவர், விலை பேசித் தருபவர், தரகுப்பணம் வாங்குபவர் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதெல்லாம் மேல்தோல். காத்திருக்க முடியாத கப்பலுக்கும் விரட்ட முடியாத தறிக்கும் நடுவே தன் பெயரை ஈடு வைத்து நின்றவர் அவர். கப்பல் வருவதற்குப் பல மாதங்கள் முன்பே தன் பணத்தையோ தன் பேரில் வாங்கிய கடனையோ கிராமங்களுக்குள் இறக்கிவிட்டிருப்பார். கும்பெனியின் வெள்ளி வரும் என்று நம்பி நெசவாளிக்கு அவர் வாக்கு; நெசவாளியின் துணி வரும் என்று நம்பிக் கும்பெனிக்கு அவர் வாக்கு. பாரிஸிலோ லண்டனிலோ இருந்த முதலாளிகளின் பெயர் காஞ்சிபுரத்துத் தறிக்காரருக்குத் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லை.

நைனியப்பருக்கு நூறு வருடம் முன்பே இந்தத் தொழில் கரையில் வேரூன்றிவிட்டது. பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியபோது அவர்களுக்குக் கையும் காலுமாக இருந்தவர்கள் அச்சுதப்ப செட்டியும் அவருடைய தம்பி சின்னண்ண செட்டியும். டச்சு, ஆங்கில ஆவணங்களில் இந்தக் குடும்பத்தின் பெயர் ‘மலையா’ என்று வருகிறது. டச்சுக்காரர்களுக்குத் துணி கொடுத்தார்கள். சந்திரகிரி அரசவையில் அவர்களுக்காகப் பேசினார்கள். அதே வேளையில் பர்மாவுக்கும் மலாய்த் தீபகற்பத்துக்கும் தங்கள் சொந்தக் கப்பல்களையும் ஓட்டினார்கள். டச்சுக் கும்பெனிக்கு அவர்கள் தரகர்கள், சரக்குக் கொடுப்பவர்கள், கடலில் போட்டியாளர்கள் எல்லாமே. இதில் முரண்பாடு இருப்பதாக அவர்கள் நினைத்ததற்கு அடையாளம் ஏதும் இல்லை.

மெட்ராஸில் இந்த இடத்தைப் பிடித்தவர்கள் பேரி திம்மண்ணாவும் காசி வீரண்ணாவும். ஆங்கில ஆவணங்கள் வீரண்ணாவை ‘காஸா வெரோனா’ ஆக்கி, இத்தாலிக்காரர் போல ஒலிக்க வைத்துவிட்டன. கோல்கொண்டா ஆட்சி வட்டாரத்தில் அவருக்கு ஹசன் கான் என்ற பெயரும் இருந்தது. மூன்று பெயர், மூன்று உலகம், ஒரே ஆள். 1670-களில் மெட்ராஸுக்குத் தேவைப்பட்ட துணியில் பெரும்பகுதி அவர் கை வழியாகத்தான் கோட்டைக்குள் வந்தது. சாந்தோமை கோல்கொண்டாவிடமிருந்து குத்தகைக்கு எடுத்திருந்தார். கும்பெனி அவரைக் கண்டு கொஞ்சம் பயந்தது. அவர் இல்லாமல் இருக்கவும் முடியவில்லை. 1680-இல் அவர் இறந்தபோது கோட்டையிலிருந்து முப்பது குண்டு முழங்கியது என்று ஆவணம் சொல்கிறது. வருடச் சம்பளத்துக்கு வேலை பார்த்த எத்தனை வெள்ளைக்கார குமாஸ்தாக்களுக்கு அந்த மரியாதை கிடைத்திருக்கும்!

மரியாதை ஆறுவதற்குள் வேறு யோசனையும் ஓடியது. ஒரே ஆள் இவ்வளவு பெரிதாக வளர விடக் கூடாது என்று, பல வணிகர்கள் பங்கு போட்டு ஒரு கூட்டமாகச் சரக்கு தரும் ஏற்பாட்டைக் கும்பெனி வளர்த்தது. ஆனால் அந்தக் கூட்டத்துக்கும் ஒரு தலைவர் வேண்டியிருந்தது. திம்மண்ணாவின் தம்பி பெத்த வேங்கடாத்ரி அங்கே வந்து உட்கார்ந்தார். நாற்காலி காலியாக இருந்ததே இல்லை.

நைனியப்பரிடம் திரும்புவோம்.

1708-இல் அவரைத் தலைமைத் தரகராக்கியது ஆளுநர் எபேர். அதுவரை அந்தப் பதவி தானப்ப முதலியார் என்ற கிறித்துவக் குடும்பத்திடம் இருந்தது. இந்துவுக்கு அந்த இடம் போனதை இயேசு சபைப் பாதிரிமார்கள் ஆரம்பத்திலிருந்தே எதிர்த்தார்கள். 1713-இல் எபேரின் பதவி போயிற்று. இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வந்தபோது அவருக்குப் பணமுடை இருந்தது, பாதிரிமார்களின் தயவும் தேவைப்பட்டது. தானே நியமித்த ஆளை 1716 பிப்ரவரியில் அவரே கைது செய்தார்.

குற்றச்சாட்டு, அதிகாரத்தை மீறிக் கொடுமை செய்தார், ஊரில் கலகம் தூண்டினார் என்பது. விசாரணை நடந்த விதம்தான் இதையெல்லாம்விட மோசம். நைனியப்பருக்குத் தமிழும் போர்த்துகீசியமும் தெரியும். போர்த்துகீசியம்தான் அப்போது கரையெங்கும் வெள்ளைக்காரரும் நம்மவரும் பேசிக்கொண்ட பொது மொழி, எபேருக்கும் தெரியும். இருந்தும் விசாரணை பிரெஞ்சில் நடந்தது. பெயர்த்துச் சொல்ல உட்கார்ந்தவர் இயேசு சபையாரின் உபதேசியார் மகன். படிக்கத் தெரியாத பிரெஞ்சுத் தாள்களில் நைனியப்பர் தமிழில் கையெழுத்திட்டார். எட்டு வருடம் இரு தரப்புக்கும் பேசிக்கொடுத்தவருக்கு, தன் வழக்கில் பேசிக்கொடுக்க நம்பகமான ஒருவர் கிடைக்கவில்லை.

அவருடைய மகன் குருவப்ப பிள்ளை சும்மா இருக்கவில்லை. மெட்ராஸுக்குத் தப்பி, கப்பலேறி, ஐரோப்பா போய்ச் சேர்ந்தார். சென்-மாலோக்காரர்களின் முறையீடும் மகனின் முறையீடும் சேர்ந்து வேலை செய்தன. எபேர் பதவி இழந்து கைதானார். தீர்ப்பு ரத்தானது, பறித்த சொத்துக்கு ஈடு கொடுக்கவும் உத்தரவு வந்தது. குருவப்பர் பாரிஸில் ஞானஸ்நானம் பெற்றார். ஞானத்தந்தையாக நின்றவர் பிரான்ஸை அப்போது ஆண்டுகொண்டிருந்த ஓர்லெயான் கோமகன் பிலிப். புனித மிக்கேல் வீரர் சங்கத்தின் ‘செவாலியே’ பட்டத்தோடு திரும்பி வந்து அப்பாவின் பதவியில் அமர்ந்தார். இந்து என்று தந்தையைத் தள்ளியவர்களுக்கு அவர்களை மிஞ்சும் கிறித்துவராக வந்து நின்றது பக்தியா, வணிக சாமர்த்தியமா? இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று அவருக்கே தோன்றியிருக்காது. 1724-இல் இளவயதிலேயே இறந்தார். பதவி மறுபடி தானப்ப முதலியார் குடும்பத்துக் கனகராய முதலியாரிடம் போயிற்று.

நைனியப்பரின் மைத்துனர் திருவேங்கடம் பிள்ளை, மெட்ராஸ் பெரம்பூரிலிருந்து அவர் அழைப்பின் பேரில் புதுச்சேரிக்கு வந்தவர். திருவேங்கடத்தின் மகன்தான் ஆனந்தரங்கம் பிள்ளை. 1709-இல் பிறந்தவர். மாமா சவுக்கடி பட்டபோது ஏழு வயதுப் பையன். 1736 செப்டம்பரில் நாட்குறிப்பு எழுதத் தொடங்கி, 1761 ஜனவரியில் இறக்கும் வரை எழுதினார். 1747-இல் அதே தலைமைத் தரகர் (துபாசி) பதவி அவருக்கு வந்தது. துய்ப்ளெக்ஸின் அரசியலுக்காக அந்த நாட்குறிப்பைப் படிப்பவர்களே அதிகம். ஆனால் எந்தக் கப்பல் எங்கிருந்து வந்தது, எத்தனை பீரங்கி போட்டார்கள், யார் சரக்கு ஏறியது, எது இன்னும் வரவில்லை என்று பக்கத்துக்குப் பக்கம் கடலைப் பார்த்துக்கொண்டே இருக்கும் ஒரு வணிகரின் பதற்றத்தை அதில் காணலாம். ‘ஆனந்தப் புரவி’ என்று சொந்தக் கப்பலும் வைத்திருந்தார். மாமாவின் கதி அவருக்கு மறந்திருக்க வழியில்லை. இவ்வளவு விவரமாக எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதி வைத்ததற்கு அந்த 1716-உம் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது இந்தத் தொடரை எழுதுபவரின் ஊகம்.

கும்பெனியின் பெரிய தரகர் இவர் என்றால், ஒவ்வொரு கப்பல் தலைவனுக்கும் ஒரு சின்னத் தரகர் இருந்தார். மெட்ராஸ் கடலில் கப்பல் நங்கூரம் போட்டதும் முதலில் வருவது கட்டுமரம். கரையிலிருந்து கடிதம் கொண்டுவரும் கட்டுமரக்காரர்கள் அதை நனையாமல் தலையில் கவிழ்த்த கூம்புக் குல்லாய்க்குள் வைத்திருப்பார்கள். அடுத்து துபாசிகள். முன்பு வந்த தலைவர்கள் எழுதிக்கொடுத்த நற்சான்றுக் கடிதங்களை ஆளுக்கொரு கத்தை வைத்துக்கொண்டு நீட்டுவார்கள். தண்ணீர் பீப்பாய், கோழி, காய்கறி, படகுக் கூலி, திரும்பிப் போகும் சரக்கு, தலைவன் தன் கணக்கில் கொண்டுவந்த மதுவையும் கண்ணாடிச் சாமானையும் விற்றுத் தருவது எல்லாம் அவர் பொறுப்பு. 1810-இல் மெட்ராஸில் இறங்கிய மரியா கிரகாம் என்ற எழுத்தாளர், தன்னைச் சூழ்ந்துகொண்ட துபாசிகளும் வேலைக்காரர்களும் நூறு பேருக்கு மேல் என்று எழுதியிருக்கிறார்.

துபாசி என்ற பெயருக்குக் கெட்ட வாசனை ஏறியதும் இந்தக் காலத்தில்தான். ஹாலண்டு சகோதரர்கள் மெட்ராஸ் ஆட்சியில் இருந்தபோது அவர்களுடைய துபாசியாக ஆட்டிப்படைத்த அவதானம் பாப்பய்யா, கும்பெனி அதிகாரி ஒருவர் மீது பொய்க் குற்றம் சுமத்தச் சதி செய்த வழக்கில் 1792-இல் தண்டிக்கப்பட்டார். பாப்பய்யாவை வால்டர் ஸ்காட் 1827-இல் எழுதிய ‘சர்ஜனின் மகள்’ நாவலில் அதே பெயரோடு வில்லனாக்கினார். பெங்களூர் வாசகர்களுக்கு ஒரு தகவல்: அந்த நாவலின் உச்சக்கட்டம் நடப்பது நம்ம ஊரில். ஹைதர் அலி பக்கிரி வேடத்தில் வருகிறார், யானை ஒருவனை மிதித்துக் கொல்கிறது. இந்தியாவுக்கே வராமல் ஸ்காட் எழுதிய பெங்களூர் அது. தோட்டம் மட்டும் நன்றாக இருக்கிறது.

கற்பனைப் பெங்களூரை விடுங்கள். நிஜப் பெங்களூருக்கும் கடலுக்கும் என்ன தொடர்பு இருந்தது? 1800 மே மாதம் கும்பெனிக்காக ஆய்வு செய்ய இங்கே வந்த பிரான்சிஸ் புகானன், பேட்டை வணிகத்தை நிதானமாக விசாரித்து எழுதியிருக்கிறார். மெட்ராஸில் இறங்கிய சரக்கு நேராக இங்கே வராது. ஆர்க்காட்டுக்குப் பக்கத்தில் உள்ள வாலாஜாபேட்டை வணிகர்கள் கைமாறித்தான் மலையேறும். உப்பு, உலோகங்கள், வாசனைச் சரக்கு, சீனப் பட்டு எல்லாம் அந்த வழி. பாக்கும் பிற விளைபொருளும் எதிர்த்திசையில் இறங்கும். கடற்கரைத் தரகர் ஒருவர், நடுவழியில் இன்னொருவர், பேட்டையில் வேறொருவர். கப்பலைக் கண்ணால் பார்க்காமலே பெங்களூர்க் கடைக்காரர் கப்பல் சரக்கை விற்றுக்கொண்டிருந்தார்.

திப்பு சுல்தானுக்கு இந்தச் சங்கிலியே பிடிக்கவில்லை. எதிரி நாடுகளோடு நடந்த வணிகத்தைத் தடுத்தார். பேட்டை வணிகர்கள் அதனால் நொடித்துப்போனார்கள் என்று புகானன் கேட்டு எழுதுகிறார். கிழக்கை அடைத்த திப்பு மேற்கைத் திறந்தார். மங்களூரிலிருந்து அரிசி, மிளகு, சந்தனம், ஏலம் ஆகியவை அரசாங்கச் சரக்காக மஸ்கட்டுக்குப் போயின. 1780-களின் நடுவில் அங்கே அரசுக் கோத்தி (வணிகக் கிடங்கு) ஒன்று. அதற்கு மீர் காசிம் என்ற தாரோகா (மேற்பார்வையாளர்). விலை ஏறும் வரை சந்தனத்தை விற்காதே, பட்டுப்புழுவும் அதை வளர்க்கத் தெரிந்த ஆட்களும் அனுப்பு, முத்துக் குளிப்பவர்களை அனுப்பு என்றெல்லாம் அரசரே கட்டளை அனுப்பிக்கொண்டிருந்தார். தரகரே இல்லாத வணிகம் என்பதற்கு அந்தக் காலத்தில் யாரும் இவ்வளவு பக்கத்தில் போனதில்லை. ஆனாலும் அதே கடிதக் கட்டில் மஸ்கட்டின் மாவோ சேட் என்ற தலாலின் (தரகரின்) பெயர் வந்துவிடுகிறது. சுல்தானின் முத்திரை மஸ்கட் சந்தையில் சந்தனத்தை எடை போட்டு விற்றுக் கொடுக்காது. அதற்கு அந்த ஊர்க்காரர் ஒருவர் வேண்டும்.

லண்டனில் இதே தொழில் வேறு உருவம் எடுத்தது. 1744-இல் த்ரெட்நீடில் தெருக் காபிக்கடை ஒன்று ‘வர்ஜீனியா அண்ட் பால்டிக்’ என்று பெயர் மாற்றிக்கொண்டது. கப்பல்காரர்களும் சரக்குக்காரர்களும் அங்கே கூடினார்கள். 1823-இல் அது விதிமுறை, உறுப்பினர், குழு என்று கட்டுக்கோப்பானது. இன்றைய பால்டிக் எக்ஸ்சேஞ்ச் அதன் வாரிசு. 2016-இல் சிங்கப்பூர் பங்குச் சந்தை அதை வாங்கிவிட்டது. வாக்கே பத்திரம் என்பது அவர்களுடைய முழக்கம். தரகர் வாயால் பேசி முடித்தால் கப்பல் வாடகைக்குப் போய்விட்டதாக அர்த்தம். காகிதம் பிறகு வரும். வழக்கமான தரகு நூற்றுக்கு ஒன்றேகால். பழவேற்காட்டு மலையாக்களுக்கும் காசி வீரண்ணாவுக்கும் இந்தத் தத்துவம் புதிதாகத் தெரிந்திருக்காது. வித்தியாசம் ஒன்றுதான். லண்டன் தரகர் வாக்குத் தவறினால் சங்கம் வெளியேற்றும். புதுச்சேரித் தரகர் மீது சந்தேகம் வந்தால் ஆளுநர் சவுக்கை எடுப்பார். சக தொழில்காரர்கள் தீர்ப்புச் சொல்வதும் வாடிக்கையாளரே தீர்ப்புச் சொல்வதும் ஒன்றல்ல.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் கரையின் கடிகாரமே மாறிற்று. 1864-இல் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருக்கு ரயில் வந்தது. 1869-இல் சூயஸ் திறந்தது. அடுத்த ஓரிரு வருடத்தில் கடலடித் தந்தி இந்தியாவைத் தொட்டது. 1875-இல் மெட்ராஸ் துறைமுகத்துக்கு அடிக்கல். 1881 புயல் அலைத்தடுப்பைப் பிய்த்துப்போட்டாலும் மறுபடி கட்டினார்கள். நீராவிக் கப்பலுக்கு ஐப்பசி அவ்வளவு பெரிய எதிரி இல்லை. கப்பல் எப்போது வரும் என்று முன்கூட்டியே தெரிந்தது. லங்காஷயர் துணி எதிர்த்திசையில் வந்து இறங்கியது. முன்பணம் கொடுத்து ஊர் ஊராகத் தறிக்காகக் காத்திருந்த ஆளுக்கு வேலை சுருங்கியது.

சுருங்கியது, ஒழியவில்லை. பின்னி, பாரி, ஆர்பத்நாட் போன்ற மெட்ராஸ் கம்பெனிகளில் துபாசிகள் இருந்தார்கள். இறக்குமதித் துணியைக் கடனுக்கு வாங்கிய உள்ளூர்க் கடைக்காரர் பணம் கட்டாவிட்டால் துபாசி கட்ட வேண்டும். பழைய ஈடுதான், திசை மட்டும் மாறியிருந்தது. கப்பல் தரகர் என்ற இடத்தையே கம்பெனிகள் எடுத்துக்கொண்டன. பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கப்பல்களுக்கு மெட்ராஸில் பின்னிதான் ஏஜென்ட். அதே பின்னியின் நிர்வாகத்தில்தான் 1886 முதல் பெங்களூரில் நம் பின்னி மில் ஓடியது. 1906-இல் ஆர்பத்நாட் திவாலாகி மெட்ராஸே கதறியபோது பின்னியும் ஆட்டம் கண்டது. தூக்கி நிறுத்தியவர் இஞ்ச்கேப் பிரபு; கப்பல் கம்பெனிப் பக்கத்து ஆள். தரகர் கப்பலை வாங்கியது போய், கப்பல் தரகரை வாங்கியது.

சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே தம்பு செட்டி தெருவிலும் லிங்கி செட்டி தெருவிலும் இன்று நடந்தால் மாடிக்கு மாடி ஷிப்பிங் ஏஜென்சி, கிளியரிங் ஏஜென்ட் பலகைகள். அந்த இரண்டு செட்டிமாரும் பதினெட்டாம் நூற்றாண்டில் கும்பெனியோடு வணிகம் செய்தவர்கள். பெங்களூர் காக்ஸ் டவுன் தம்பு செட்டி சாலைக்கும் இதற்கும் முடிச்சுப் போட வேண்டாம். அந்தச் சாலை மைசூரின் பொறுப்பு திவானாக இருந்த டி.ஆர்.ஏ. தம்பு செட்டியின் நினைவு.

ஆனால் அந்தத் தெருவின் தொழில் பெங்களூருக்கும் வந்தாயிற்று. 1981-இல் கப்பல் கண்டெய்னரை ரயிலில் ஏற்றி, நாட்டுக்குள் இருக்கும் ஒரு சுங்க நிலையத்துக்கு முதன்முதலாகக் கொண்டுவந்தார்கள். இந்தியாவின் முதல் உள்நாட்டுக் கண்டெய்னர் நிலையம் அமைந்த ஊர், கடலிலிருந்து வெகுதூரம் தள்ளி, மூவாயிரம் அடி உயரத்தில் இருக்கும் பெங்களூர். இப்போது ஒயிட்ஃபீல்டில் கண்டெய்னர் கார்ப்பரேஷனின் வளாகம் அந்த வேலையைச் செய்கிறது. ஆயத்த ஆடையும் இயந்திர பாகமும் இங்கேயே சுங்கச் சோதனை முடிந்து, முத்திரை வைத்து, சென்னைக்கு ரயிலேறும்.

இங்கே ஷிப்பிங் பில் போடுபவருக்குச் சட்டத்தில் இப்போது பெயர் கஸ்டம்ஸ் புரோக்கர். 1962 சுங்கச் சட்டத்தின் 146-ஆம் பிரிவின் கீழ் உரிமம். 2013 வரை கஸ்டம்ஸ் ஹவுஸ் ஏஜென்ட் என்றிருந்தது. தேர்வு எழுதித் தேற வேண்டும், ஈட்டுப்பத்திரம் கொடுக்க வேண்டும். 2018 விதிமுறைகளில் ஒரு கடமை கவனிக்கத்தக்கது. வாடிக்கையாளருக்குச் சட்டப்படி நடக்க ஆலோசனை சொல்ல வேண்டும். அவர் கேட்காவிட்டால் அதைச் சுங்க அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும். வாடிக்கையாளர் யார், அவர் முகவரி உண்மையா என்று சரிபார்ப்பதும் இவர் பொறுப்பு. சம்பளம் கொடுப்பவர் ஒருவர். பதில் சொல்ல வேண்டியது இன்னொருவருக்கு. இறக்குமதியாளர் பொய் சொல்லிவிட்டு மறைந்தால் புரோக்கரின் உரிமம் தொங்கும். உரிமம் ரத்தான புரோக்கர்கள் தீர்ப்பாயங்களிலும் உயர் நீதிமன்றங்களிலும் தொடுத்த வழக்குகள் ஏராளம். நைனியப்பர் காலத்தில் முறையிட ஏற வேண்டிய படிக்கட்டு பாரிஸில் இருந்தது, அவ்வளவுதான்.

கடிகாரமும் வேறு உடையில் திரும்பி வந்திருக்கிறது. ஐப்பசிக் காற்றுக்குப் பதிலாக இலவச நாட்கள். கண்டெய்னரை இத்தனை நாளுக்குள் எடுக்க வேண்டும், காலியாகத் திருப்பித் தர வேண்டும். மீறினால் துறைமுகத்துக்கும் கப்பல் கம்பெனிக்கும் டெமரேஜ், டிடென்ஷன் என்று நாள் கணக்கில் பணம். வெள்ளிக்கிழமை மாலை ஒரு சான்றிதழில் எழுத்துப் பிழை கண்டுபிடிக்கப்பட்டால் சனி, ஞாயிறு இரண்டு நாளுக்கும் மீட்டர் ஓடும். அந்த மீட்டரை நிறுத்தத் தெரிந்தவருக்குத்தான் இன்றும் கட்டணம்.

இந்த வரலாற்றில் ஒரு முக்கியமான சண்டையை இதுவரை தொடவில்லை. கப்பலும் நம்முடையது, சரக்கும் நம்முடையது, பயணியும் நம்மவர், ஏஜென்ட் மட்டும் எதிராளி என்றால் என்ன ஆகும்? 1906-இல் தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைத் தொடங்கியபோது எதிரே இருந்தது பிரிட்டிஷ் இந்தியாவின் கப்பல் மட்டுமல்ல. கரையில் அதன் ஏஜென்டாக உட்கார்ந்திருந்த ஏ. அண்ட் எஃப். ஹார்வி கம்பெனியும்தான். சுதேசிக் கம்பெனி முதலில் ஷா லைன் என்ற கம்பெனியிடம் கப்பலை வாடகைக்கு எடுத்தது. நெருக்குதல் வந்ததும் ஷா லைன் கையை விரித்தது. வாடகைக் கப்பலை நம்பிப் பயனில்லை என்று வ.உ.சி. சொந்தக் கப்பல் வாங்கக் கிளம்பிய கதை அடுத்த இதழில்.